குக்ரி வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேபாளத்துக்கோ டார்ஜிலிங் பக்கமோ போகிறவர்கள், தோட்டம் வைத்திருப்பவர்கள், காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் என்று பலரும் குக்ரி என்கிற நேபாளத்து வளைந்த கத்தி பற்றி என்னிடம் அதே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். சுவரில் மாட்டி அழகு பார்க்க வாங்குகிறவர்களுக்கு இதில் அதிகம் இல்லை. கிளை வெட்ட, விறகு பிளக்க, மூங்கில் சீவ, புதர் அழிக்க, எலும்போடு இறைச்சி துண்டு போட என்று தினமும் கையில் எடுக்கப்போகிறவர்களுக்காக எழுதியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

குக்ரி போர்க்கத்திதானே? அதை வைத்து வீட்டில் என்ன வேலை செய்வது?

வெளியுலகத்துக்கு அது கூர்க்கா சிப்பாய்கள் வழியாகத் தெரிந்ததால் இப்படி ஓர் எண்ணம். 1814 முதல் 1816 வரை நடந்த ஆங்கிலேய-நேபாளப் போரில்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அதை நேருக்கு நேர் பார்த்தார்கள், அதன்பிறகு கூர்க்கா படைகளின் சின்னத்திலேயே குறுக்காக வைத்த இரண்டு குக்ரிகள் வந்துவிட்டன. ஆனால் நேபாள மலைக் கிராமங்களில் அது இடுப்பில் செருகிக்கொண்டு மாட்டுத்தீவனம் வெட்டப் போகிற கருவி. அடுப்புக்கு விறகு உடைப்பதும் அதில்தான், தசைன் பண்டிகைக்கு ஆடு வெட்டுவதும் அதில்தான். வேலைக்கான குக்ரி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ராணுவப் படத்தைப் பார்க்காதீர்கள், கிழக்கு நேபாள விவசாயியின் இடுப்பைப் பாருங்கள். பளபளப்பு இருக்காது, பித்தளை வேலைப்பாடு இருக்காது, எடையும் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

நம்ம ஊர் வெட்டரிவாள் இருக்கும்போது இது எதற்கு?

தேங்காய், பனை, கரும்பு, வாழை என்றால் அரிவாளே போதும், குக்ரி வாங்காதீர்கள். அரிவாளின் வளைவு முனையில் கொக்கி மாதிரி இருப்பதால் இழுத்து அறுக்கும் வேலைக்கு அது தோதானது. குக்ரியின் வளைவு நடுவில் இருக்கிறது. அலகு நடுவிலிருந்து கீழ்நோக்கி வளைந்து, முனைக்குச் சற்று முன்னால் வயிறு மாதிரி அகன்று, கடைசியில் கூர்முனையாக முடியும். எடை அந்த வயிற்றுப் பக்கம் குவிவதால் மணிக்கட்டை ஒடிக்காமலே வெட்டு ஆழமாக இறங்கும். முனை இருப்பதால் குத்தலாம், தோல் உரிக்கலாம், கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கிற பகுதியால் குச்சி சீவலாம்.

அதாவது பயணத்தில் ஒரே ஒரு கத்தியைத்தான் எடுத்துப்போக முடியும் என்கிறவருக்குக் குக்ரி நல்ல தேர்வு. வீட்டில் அரிவாள், கோடரி, சமையல் கத்தி மூன்றும் இருக்கிறவருக்கு அவ்வளவு அவசியமில்லை.

எந்த நீளம், எந்த எடை வாங்கலாம்? பெரிசா இருந்தா நல்லதுதானே?

பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு இதுதான், தேவைக்கு மேல் கனமான ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். கடையில் ஒரு தடவை தூக்கிப் பார்க்கும்போது 900 கிராம் கம்பீரமாக இருக்கும். பத்து நிமிஷம் புதர் வெட்டினால் முன்கை விட்டுப்போகும், கை தளர்ந்தபின் வீசுகிற வீச்சு எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. விபத்து அங்கேதான் நடக்கிறது.

பொதுவான வேலைக்கு அலகு 9 முதல் 11 அங்குலம், எடை 450 முதல் 600 கிராம் வரை இருந்தால் போதும். முதன்முதலாக வாங்குகிறவர்கள் 500 கிராம் பக்கம் நின்றுகொள்ளுங்கள். விறகு பிளப்பதுதான் முக்கிய வேலை என்றால் 700 வரை போகலாம். அதற்கு மேல் போனால் கோடரி வாங்குவது புத்திசாலித்தனம்.

எடையைவிட முக்கியமான ஒன்றைப் பல பேர் பார்ப்பதே இல்லை. அலகின் முதுகு, அதாவது கூர் இல்லாத மேல்விளிம்பு, பிடிக்குப் பக்கத்தில் 8 முதல் 10 மில்லிமீட்டர் கனம் இருந்து, முனையை நோக்கிப் போகப்போக மெலிந்துகொண்டே வர வேண்டும். கொல்லர் அடித்து நீட்டிய கத்தியில் இந்த மெலிவு இருக்கும். தகட்டை வெட்டிச் சாணை பிடித்து எடுத்ததில் தொடக்கம் முதல் முனை வரை ஒரே கனம்தான், அதனால் முனை பாரமாகத் தொங்கும். மேலிருந்து முதுகைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

சிருபாதே, அங்கோலா, போஜ்புரே, சிட்லாங்கே... பெயர் கேட்டாலே தலை சுத்துது. எதை எடுக்கிறது?

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சிருபாதே மெலிந்தது, நீளமானது, கை வேகமாகப் போகும், கொடி, புதர், மெல்லிய கிளைகளுக்கு அருமை. அங்கோலா என்பது முதுகுக்குக் கீழே இரண்டு பக்கமும் குழிவு விட்ட தடித்த வகை. குழிவால் எடை கொஞ்சம் குறைந்தாலும் கத்தி பலமாகவே இருக்கும், விறகுக்கும் கடினமான மரத்துக்கும் அது ஏற்றது. போஜ்புரே கிழக்கு நேபாளத்தின் போஜ்பூர் வட்டாரத்துப் பாணி, அகன்ற வயிறு கொண்டது. சிட்லாங்கேயும் வயிறு பெருத்த வகைதான்.

ஒரே பெயரில் இரண்டு பட்டறைகள் செய்கிற கத்திகள் வேறு வேறு மாதிரி இருக்கும், எனவே பெயரை நம்பி வாங்காமல் மேலே சொன்ன நீளம், எடை, மெலிவு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் முதல் கத்திக்கு 10 அங்குல சிருபாதே, அதிலும் கொஞ்சம் வயிறு உள்ளதாக.

லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்றாங்களாமே. காயலான் கடை இரும்பு என்றால் தரம் எப்படி இருக்கும்?

நன்றாகவே இருக்கும். லாரியின் அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டை நடுத்தர அளவு கரிமம் கலந்த எஃகு, பெரும்பாலும் 5160 என்ற வகை அல்லது அதற்கு நெருக்கமானது. கரிமம் 0.6 சதவீதம் அளவில், கூடவே கொஞ்சம் குரோமியம். வருஷக்கணக்கில் பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்து உடையாமல் இருப்பதற்காகவே உருவாக்கிய எஃகு அது, ஓங்கி வெட்டுகிற கத்திக்கும் அதே குணம்தான் வேண்டும். நம் ஊர்க் கொல்லர்களும் அரிவாளுக்கு இதே பட்டையைத் தேடித்தான் வாங்குகிறார்கள்.

பயப்பட வேண்டியது ஸ்டெயின்லெஸ் என்று விற்கிற பளபளப்பான மலிவுக் குக்ரிகளைப் பார்த்து. சிறிய சமையல் கத்திக்கு ஸ்டெயின்லெஸ் பொருத்தம். ஓங்கி அடிக்கிற நீளமான அலகுக்கு, அதுவும் என்ன வகை எஃகு என்றே எழுதாமல் விற்கும்போது, அது வேண்டாம். ஸ்பிரிங் எஃகிலும் ஒரு விஷயம் உண்டு. ஏற்கெனவே களைத்துப்போன பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம், நல்ல கொல்லர் அதை அடிக்கும்போதே கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார். ஆகவே எஃகைவிட யார் அடித்தது என்பதே பெரிய கேள்வி.

தோய்ச்சல் என்று சொல்றாங்களே, குக்ரிக்கு அது எப்படிச் செய்றாங்க?

இந்தக் கத்தியின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எஃகைச் சிவக்கக் காய்ச்சித் திடீரென்று குளிரவைத்தால் அது கடினமாகும், இதுதான் தோய்ச்சல், ஆனால் முழுக்கவும் கடினமானால் கண்ணாடி மாதிரி உடையும். நேபாளக் கொல்லர் கத்தி முழுவதையும் தண்ணீரில் முக்குவதில்லை. ஒரு கெண்டியில் தண்ணீர் எடுத்து, சிவந்திருக்கிற அலகின் வாய்ப்பகுதியில், அதாவது வெட்டுகிற கூர் விளிம்பில் மட்டும், அதிலும் வெட்டு விழுகிற வயிற்றுப் பக்கம் நிதானமாக முன்னும் பின்னும் ஊற்றிக்கொண்டே போவார். வாய் கடினமாகும். முதுகு மெல்ல ஆறுவதால் மென்மையாக, அதிர்ச்சி தாங்குகிறதாக இருக்கும்.

இதற்குள் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியதும் முதுகில் மிச்சமிருக்கிற சூடு வாயை நோக்கி நகரும், அப்போது அளவுக்கு மீறிய கடினம் தணிந்து பதத்துக்கு வரும். எப்போது நிறுத்துவது என்பதை நிறம் பார்த்தே முடிவு செய்கிறார்கள். நல்ல தோய்ச்சல் விழுந்த குக்ரியில் வயிற்றுப் பக்கத்து வாய் ராக்வெல் சி என்ற கடின அளவையில் 55 முதல் 58 வரை வரும், பிடிக்குப் பக்கத்திலும் முனையிலும் அதைவிடக் குறைவு, முதுகு இன்னும் மென்மை. மின்சார உலையும் வெப்பமானியும் இல்லாமல் ஒரே அலகில் இத்தனை வித்தியாசத்தைக் கொண்டுவருவது சாதாரணத் திறமை இல்லை.

சரி, அதைக் கடையில் நின்றுகொண்டே சோதிக்க முடியுமா?

ஓரளவு முடியும். ஒரு சின்ன மெல்லிய அரம் கையோடு கொண்டுபோங்கள், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, வாயில் வயிற்றுப் பக்கம், பிடிக்கு அருகில், முனை என்று மூன்று இடங்களில் லேசாக, எடை போடாமல் இழுத்துப் பாருங்கள். வயிற்றுப் பக்கம் அரம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் அல்லது மிகக் கொஞ்சமாகக் கடிக்க வேண்டும். பிடிக்கு அருகில் நன்றாகக் கடிக்கலாம், அது குறையில்லை. மூன்று இடத்திலும் ஒரே மாதிரி வெண்ணெயாகக் கடித்தால் தோய்ச்சல் விழவில்லை. அரம் வைக்கக் கூடாது என்று சொல்கிற கடையை நான் தப்பு சொல்லமாட்டேன், விற்கிற பொருளில் கீறல் விழுவது அவர்களுக்குக் கஷ்டம்தான். ஆனால் செய்கிற இடத்துக்கே போனால் அவர்களே அரத்தை எடுத்துக் கையில் கொடுப்பார்கள்.

அப்புறம் பிடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு அலகை நகத்தால் சுண்டுங்கள். தெளிவான ஓசை வந்தால் நல்லது, மந்தமாகக் கேட்டால் உள்ளே வெடிப்போ பிடியில் தளர்வோ இருக்கலாம். வாயை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வாய்க்குச் செங்குத்தாக முடி மாதிரிக் கோடு தெரிந்தால் அது தோய்ச்சலில் விழுந்த வெடிப்பு, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். வாயோரம் எங்காவது நீலமோ ஊதாவோ படர்ந்திருந்தால் சாணைச் சக்கரத்தில் சூடேறிப் பதம் போய்விட்டது என்று அர்த்தம். கடைசியாக, துப்பாக்கி குறிபார்ப்பதுபோல முதுகின் வழியே பார்த்து அலகு பக்கவாட்டில் கோணியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிடிக்குள் அலகு முழுசா போகணுமா? பாதி போனால் உடைஞ்சிடாதா?

இரண்டு வகை உண்டு. பழைய முறையில் அலகின் வால் எலிவால் மாதிரி மெலிந்து பிடிக்குள் போகும், அரக்கு வைத்து இறுக்குவார்கள். சிலவற்றில் வால் பிடியின் மறுமுனை வரை வந்து, அங்கே ஒரு பித்தளைத் தகட்டின்மேல் அடித்து மடக்கப்பட்டிருக்கும். மற்றது பனாவால் என்கிற முழு வால், அதாவது பிடியின் அகலத்துக்கே எஃகு ஓடும், இரண்டு பக்கமும் கட்டை வைத்துத் தறையாணி அடித்திருப்பார்கள்.

பனாவால்தான் பலம் என்று எல்லோரும் சொல்வார்கள், உடையாது என்ற அளவில் அது உண்மை. ஆனால் எடை கூடும், வெட்டும்போது அதிர்வு நேராகக் கைக்கு வரும், மழைநாளில் எஃகுக்கும் கட்டைக்கும் நடுவில் ஈரம் புகுந்து உள்ளேயே துரு பிடிக்கும். மறுமுனை வரை வந்து மடக்கிய எலிவால் நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் ஒரு தலைமுறை உழைக்கும், பிடி போனால் மாற்றுவதும் சுலபம். தவிர்க்க வேண்டியது பாதியிலேயே நின்றுபோகிற குட்டை வால். பிடியின் அடியில் மடக்கிய முனை தெரியவில்லை என்றால் வால் எவ்வளவு நீளம் என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் வேண்டாம்.

பிடி மரமா, எருமைக் கொம்பா? கொம்புதான் பார்க்க நல்லா இருக்கு.

மரம். சீசம் என்று வடக்கே சொல்கிற ஈட்டி இனத்து மரத்தில்தான் பெரும்பாலும் போடுகிறார்கள், வியர்த்த கையிலும் வழுக்காது. கொம்பு நேபாளக் குளிரில் செய்யப்பட்டு நம் ஊர் வெயிலுக்கு வந்தால் சுருங்கும், வெடிக்கும், பூச்சி அரிப்பதும் உண்டு.

மரமோ கொம்போ, பூணைப் பாருங்கள். அலகும் பிடியும் சேருகிற இடத்துப் பித்தளைப் பூணில் இடைவெளி, ஒழுகிய பசை, ஆட்டம் எதுவும் இருக்கக் கூடாது. பிடியைக் கையில் பிடித்து வெட்டுகிற மாதிரி மெதுவாக அசைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் விரிந்த முனை உள்ளங்கையைக் கடிக்கிறதா? நடுவில் இருக்கிற வளையம் விரல்களுக்கு நடுவே உறுத்துகிறதா? நேபாளப் பிடிகள் பொதுவாகச் சிறியவை. பெரிய கைக்காரர்கள் பிடி நீளத்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

"ஆர்மி இஷ்யூ", "கூர்க்கா ஒரிஜினல்" என்று போட்டிருக்கு. நம்பலாமா?

அந்தச் சொற்கள் தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பிரிட்டிஷ் கூர்க்கா வீரர்களுக்கு அணிவகுப்புக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று என்று இரண்டு குக்ரிகள் கொடுக்கிறார்கள். அணிவகுப்புக் குக்ரி பளபளப்பான உறையோடு கண்ணுக்கு அழகாக இருக்கும், கடைகளில் அதன் நகலைத்தான் அதிகம் பார்ப்பீர்கள், விறகு வெட்ட அதை வாங்கினால் பணம் மெருகுக்குப் போகிறது. டேராடூனிலும் குக்ரி செய்கிறார்கள். இந்தியச் சந்தையிலும் வெளிநாட்டிலும் மலிவாகக் கிடைக்கிறவற்றில் பல இந்தியாவில் இயந்திரத்தில் செய்தவை, அவற்றையும் மேலே சொன்ன அதே சோதனைகளால் பாருங்கள். எங்கே செய்தது என்பதற்காக நிராகரிக்க வேண்டாம், அலங்கார வேலைப்பாட்டுக்காக வாங்கவும் வேண்டாம்.

அமெரிக்க நிறுவனங்கள் விற்கிற, மெல்லிய தகட்டில் வெட்டிய பிளாஸ்டிக் பிடிக் குக்ரிகளும் இருக்கின்றன. புல்லுக்கும் புதருக்கும் அவை நன்றாகவே வேலை செய்யும், தொலைந்தாலும் மனசு வலிக்காது. கெட்டியான கட்டைக்கு மட்டும் சரிப்படாது.

பிடிக்குப் பக்கத்தில் ஒரு வெட்டு இருக்கே, அது எதற்கு? அங்கேதான் உடையும் என்கிறார்களே?

அதைக் காவ்டி என்பார்கள், சோ என்றும் சொல்வதுண்டு. சிவனின் திரிசூலம், பசுவின் குளம்பு, ரத்தம் பிடிக்கு வழியாமல் தடுக்க என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். வேலை செய்கிறவருக்குத் தெரிய வேண்டியது, வாய் அதோடு முடிகிறது, அதற்குப் பின்னால் கூர் இல்லை, சாணை பிடிக்கும்போது கல் அங்கே நின்றுவிடும்.

உடையுமா என்றால், உள்மூலைகள் வட்டமாக வழிக்கப்பட்டிருந்தால் பயமில்லை. அரத்தால் சடாரென்று வெட்டிய கூரான உள்மூலை இருந்தால் அதிர்வெல்லாம் அந்தப் புள்ளியில் சேர்ந்து வெடிப்பு அங்கிருந்து ஓடலாம். விரல்நகத்தை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள்.

உறையோடு வரும் இரண்டு குட்டிக் கத்திகள் எதற்கு?

ஒன்று கர்தா, கூரானது, சின்ன வேலைக்கு. மற்றது சக்மக், மொட்டையானது, வாயை வழித்துச் சீராக்கவும் கல்லில் உரசி நெருப்புப் பொறி எழுப்பவும். மலிவுக் கத்திகளில் இரண்டுமே வெறும் தகடுதான். சக்மக்கில் மேலே சொன்ன அரச்சோதனையைச் செய்து பாருங்கள், அது குக்ரியின் வாய்க்குச் சமமான கடினமாவது இருந்தால்தான் பயன்.

உறையிலிருந்து எடுக்கும்போது கை வெட்டுப்பட்டுவிட்டது. கத்தியில் கோளாறா?

பிடித்த விதத்தில்தான் கோளாறு. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் இதைப் படியுங்கள். குக்ரியின் உறை இரண்டு மரத் துண்டுகளை ஒட்டி, மேலே எருமைத்தோல் போர்த்தியது. கத்தியை உருவும்போது வாய் அந்த மரங்களின் சேர்க்கையில் உரசிக்கொண்டு வரும், என்றாவது ஒருநாள் தோலையும் தாண்டி வெளியே வரும். உறையைச் சுற்றி முஷ்டியாகப் பிடித்தால் விரல்கள் சரியாக அந்த இடத்தில் இருக்கும்.

உறையை முதுகுப்பக்கமாக, கட்டைவிரலும் மற்ற விரல்களும் இரண்டு பக்கத்தில் மட்டும் படுகிற மாதிரிப் பிடியுங்கள், வாய்ப்பக்கம் ஒரு விரலும் சுற்றக் கூடாது. உருவும்போது முதுகு உறையின் மேல்பக்கத்தை அழுத்திக்கொண்டு வரட்டும். வளைவு இருப்பதால் நேராக இழுக்காமல் அந்த வளைவின் போக்கிலேயே எடுக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்த பிறகுதான் கத்தியை வெளியே வையுங்கள்.

புதுசா வாங்கினது கூராகவே இல்லை. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. கப்பலிலும் கூரியரிலும் வருகிற கத்திகளைப் பலர் வேண்டுமென்றே முழுக் கூர் போடாமல் அனுப்புகிறார்கள். வாங்கும்போதே கூர் போட்டுத் தரச் சொல்லலாம், ஆனால் நீங்களே கற்றுக்கொள்வது நல்லது.

தெருவில் வருகிற சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள், காரணம் மேலே சொன்ன நீல நிறம்தான், சூடேறிப் பதம் போய்விடும். குக்ரியின் வாய் தட்டையான சரிவாக இல்லாமல் கொஞ்சம் உப்பலாக இருக்கும், கட்டையில் சிக்கிக்கொள்ளாமல் பிளப்பது அந்த உப்பலால்தான். அதைக் காப்பாற்ற ரப்பர் செருப்பின் அடியிலோ கணினி மவுஸ் வைக்கிற மெத்தையிலோ உப்புத்தாளை விரித்து, வாய் பின்னால் வருகிற மாதிரி இழுங்கள். முதலில் 400 எண் தாள், பிறகு 800, 1500, கடைசியில் பழைய தோல் பெல்ட். மெத்தை லேசாக அமுங்குவதால் உப்பல் தானாகவே நிற்கும். உள்வளைவுப் பகுதிக்கு உப்புத்தாளை ஒரு உருட்டுக்கட்டையில் சுற்றிக்கொள்ளலாம். சவரக் கூர் வேண்டாம், ஓங்கி வெட்டுகிற கத்தியில் அது முதல் நாளே மடங்கும். செய்தித்தாளைக் கிழிக்காமல் வெட்டினால் போதும்.

துரு பிடிக்குமா? சென்னையில் கடல்காற்று வேற.

பிடிக்கும், கரிம எஃகின் குணம் அது. வேலை முடிந்ததும் துடைத்து உலர்த்தி ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். இறைச்சி வெட்டுகிறவர்கள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். நேபாளத்தில் கடுகெண்ணெய் போடுவார்கள், நாளானால் பிசுபிசுக்கும்.

மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் தோல் உறைக்குள் வைக்கவே கூடாது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தோல் பதனிட்ட பொருளும் எஃகை அரிக்கும். எண்ணெய்த் துணியில் சுற்றி வெளியே வையுங்கள். எலுமிச்சை, மாங்காய் பட்டுக் கறுத்த கறை துரு இல்லை, அதைத் தேய்த்து எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

முதல் வாரத்திலேயே வாய் மடங்கிப்போச்சு. நண்பனுடையது சில்லு பெயர்ந்திருக்கு. எது மோசம்?

சில்லு பெயர்வதுதான் மோசம். மடங்கினால் அந்த இடம் மென்மை, சக்மக்காலோ உப்புத்தாளாலோ நிமிர்த்திவிடலாம். எங்கே மடங்கியது என்று பாருங்கள். பிடிக்குப் பக்கத்தில் அல்லது முனையில் என்றால் அங்கே தோய்ச்சல் குறைவாக இருப்பது இயல்பு, அந்தப் பகுதியால் ஓங்கி வெட்டியிருப்பீர்கள். வயிற்றுப் பக்கமே மடங்கியது என்றால் தோய்ச்சலில் குறை, திருப்பிக் கொடுங்கள்.

சில்லு பெயர்ந்தால் ஒன்று, அந்த இடம் அதிகமாகக் கடினமாகி உடையக்கூடியதாகிவிட்டது. அல்லது ஆணியிலோ கல்லிலோ பட்டிருக்கிறது, வெட்டும்போது கத்தியைப் பக்கவாட்டில் நெம்பியிருக்கிறார்கள். கட்டையில் சிக்கிய கத்தியை நெம்பி எடுக்காதீர்கள், வந்த வழியே முன்னும் பின்னும் ஆட்டி எடுங்கள். சில்லு சிறிதாக இருந்தால் மேலே சொன்ன உப்புத்தாள் முறையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறைந்துவிடும்.

வெளியே எடுத்தால் ரத்தம் பார்க்காமல் உள்ளே வைக்கக் கூடாதாமே?

கட்டுக்கதை. ஒரு நாளில் பத்து முறை எடுத்து விறகு வெட்டுகிற விவசாயி ஒவ்வொரு முறையும் விரலைக் கீறிக்கொண்டா உறையில் வைப்பார்?

இணையத்தில் வாங்கினால் என்னென்ன கேட்கணும்?

எஃகு வகை, எடை, பூணுக்குப் பக்கத்திலும் முனைக்குப் பக்கத்திலும் முதுகின் கனம், வாலின் நீளம், உங்களுக்கு அனுப்பப்போகிற அதே கத்தியின் படம். மேலிருந்து முதுகைக் காட்டும் படம் ஒன்று கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம் செய்தவர் யார் என்று கேளுங்கள். குக்ரி அடிக்கிறவர்கள் பெரும்பாலும் காமி என்கிற கொல்லர் சமூகத்தவர்கள், விஸ்வகர்மா என்று பெயரோடு சேர்த்துக்கொள்கிறவர்கள். நேபாளத்தில் தலித்துகளாக ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் அவர்கள். 1963-லேயே சட்டம் தீண்டாமையை விலக்கியது, 2011-ல் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் தனிச் சட்டமும் வந்தது, இன்னும் பல ஊர்களில் நிலைமை முழுசாக மாறவில்லை. நாடே பெருமையாகக் காட்டுகிற கத்தியை அடிக்கிற கைக்குப் பெயர் இல்லாமல் இருப்பது எனக்கு ஆறாத வருத்தம். இப்போது சில பட்டறைகள் கொல்லரின் பெயரையோ முத்திரையையோ அலகில் போடுகின்றன. கொஞ்சம் விலை கூடினாலும் அப்படிப்பட்ட இடத்தில் வாங்குங்கள். தன் பெயர் அலகில் இருக்கும்போது யாரும் வெடிப்பு விழுந்த கத்தியை அனுப்பமாட்டார்கள், எனவே வாங்குகிற உங்களுக்கும் அதில் லாபம் இருக்கிறது.

ஊருக்குக் கொண்டுவந்தால் போலீஸ் பிடிக்குமா? விமானத்தில் விடுவார்களா?

கைப்பையில் கண்டிப்பாக விடமாட்டார்கள். உறையோடு துணியில் சுற்றி, சரக்காக அனுப்புகிற பெட்டிக்குள் வையுங்கள், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் கொஞ்சம் சிக்கலானது. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் 1962-ல் வந்த விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்த்தபோது குக்ரியைப் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிகளுக்கு விலக்கு உண்டு. அரசு தனியாக அறிவித்த பகுதிகளில் இந்த வகைக்கு உரிமம் வேண்டும். ஆகவே முடிந்தால் 9 அங்குலத்துக்குள் நின்றுகொள்வது நிம்மதி, நான் மேலே சொன்ன 10 அங்குல சிருபாதே வேண்டும் என்றால் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வாங்குங்கள். தோட்டத்திலும் வீட்டிலும் வைத்திருப்பது வேறு, இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவது வேறு, இரண்டாவதை எந்த நீளத்திலும் செய்யாதீர்கள். பிரிட்டனில் இருக்கிறவர்கள் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருந்தாலே குற்றம்.

பழைய குக்ரி கிடைக்குது, நூறு வருஷம் ஆனதாம். வேலைக்கு வாங்கலாமா?

வேண்டாம். காத்மாண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில் அடைந்துகிடந்த ஆயுதக் கிடங்கு 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க வியாபாரிகளுக்கு விற்கப்பட்டது, அதிலிருந்து வந்த நிஜமான பழைய குக்ரிகள் இன்றும் சந்தையில் சுற்றுகின்றன. அருமையான கத்திகள், ஆனால் அரக்கு காய்ந்து உதிர்ந்திருக்கும், வால் துருவில் மெலிந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஓங்கி வெட்டும்போது அலகு பிடியிலிருந்து கழன்று பறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நேபாளத்திலேயே யாராவது விற்றால் இன்னும் கவனம் வேண்டும், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை அந்த நாட்டிலிருந்து வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. பழசாகத் தெரிகிற புதுக் கத்தியாக இருந்தாலும் தொல்லியல் துறையின் சான்று இல்லாமல் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

பழைய குக்ரிகளைப் பார்க்க ஆசை இருந்தால் காத்மாண்டு சாவுனியில் இருக்கிற தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1559-ல் கோர்க்காவின் அரசரான திரவ்ய ஷாவினுடையது என்று சொல்லப்படுகிற குக்ரி அங்கே இருக்கிறது. பார்த்துவிட்டு அங்கிருந்தே ஒரு பட்டறைக்குப் போய், அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புதுசாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.